அஞ்சறைப் பெட்டிக் கணக்கு: பெண்கள் உரிமைப் பணிக்கு நிதி சேர்க்க 30 பயனுள்ள குறிப்புகள்

இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு உங்கள் வாசலில் வந்து நிற்கிறாள். நெற்றியில் ரத்தம். பாலக்காடு மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ வேண்டும். குழந்தைகளுக்குச் சாப்பாடு வேண்டும். அவள் பேசுவது தமிழ். போலீஸ் ஸ்டேஷனில் எழுதுவது மலையாளம். நடுவில் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அடுத்த வாரம் கோர்ட்டுக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். எல்லாமே சில்லறைச் செலவுதான். அந்தச் சில்லறை கையில் இல்லாத இரவில் அவள் திரும்ப அதே வீட்டுக்குத்தான் போவாள்.

கஞ்சிக்கோடு கேரளத்தின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்று. தமிழும் மலையாளமும் மட்டுமல்ல, ஒடியாவும் வங்காளமும் இந்தியும் பேசும் பெண்கள் இங்கே வேலை செய்கிறார்கள், வாடகை அறைகளில் குடியிருக்கிறார்கள். இங்கும், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் எல்லைக் கிராமங்களிலும், இடுக்கியின் தேயிலைத் தோட்ட லயங்களிலும் பெண்களுக்குத் துணை நிற்பவர்களுக்கு அன்பும் துணிச்சலும் குறைவில்லை. வசூலும் கணக்கும்தான் அவர்களைப் பயமுறுத்துகின்றன. மாதச் சம்பளத்தைக் கடைசித் தேதிவரை இழுத்துப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கும் கைவரும். அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

தொடங்கும் முன்

1. வசூலுக்கு இறங்கும் முன் பதிவை முடியுங்கள். பாலக்காடு பழைய மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால் கஞ்சிக்கோட்டில் சங்கம் பதிவு செய்வது 1860-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி. இடுக்கியில் இருப்பவர்களுக்கு 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் – கொச்சிச் சட்டம். சித்தூர்ப் பக்கம் கொச்சி சமஸ்தானத்தில் இருந்த ஊர். அங்குள்ளவர்கள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு விதிமுறைகளை எழுதுங்கள். நிர்வாகிகள் பட்டியலை ஆண்டுதோறும் தாக்கல் செய்வதை மறக்காதீர்கள்.

2. வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். அந்த இருவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டாம். "இப்போதைக்கு என் நம்பருக்கு கூகுள் பே பண்ணுங்க சேச்சி" என்று ஒரு தடவைகூடச் சொல்லாதீர்கள். பிற்பாடு வரும் சந்தேகம் எல்லாம் அந்த ஒரு தடவையில்தான் தொடங்கும்.

3. சங்கத்துக்கு பேன் கார்டு வாங்கி, வருமான வரித் துறையில் 12ஏ பதிவும் 80ஜி ஒப்புதலும் பெறுங்கள். 12ஏ இருந்தால் சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு கிடைக்கும். 80ஜி இருந்தால் பழைய வரிமுறையில் இருக்கும் நன்கொடையாளருக்குச் சலுகை கிடைக்கும். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஆடிட்டரிடம் புது எண்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. "பெண்கள் உரிமைக்கு உதவுங்கள்" என்று கேட்டால் கேட்பவருக்கு எதுவும் கண்ணில் தெரியாது. ஒரு பெண்ணுக்குத் துணை நிற்க என்னென்ன செலவு என்று எழுதுங்கள்: கஞ்சிக்கோட்டிலிருந்து பாலக்காடு கோர்ட்டுக்கு இரண்டு பேர் போய்வரப் பஸ், மதியச் சாப்பாடு, நகல் எடுக்க, மனுவை மலையாளத்தில் எழுதித்தர, ஒரு மாத போன் ரீசார்ஜ், இழந்த கூலி. ஒரு வழக்குக்கு இத்தனை, ஆண்டுக்கு இத்தனை வழக்கு என்று பெருக்கினால் உங்கள் பட்ஜெட் தயார்.

5. யாரிடம் வாங்குவதில்லை என்பதையும் முதல் கூட்டத்திலேயே முடிவு செய்து மினிட்ஸில் எழுதுங்கள். உங்களிடம் வந்திருக்கும் வழக்கில் எதிர்த்தரப்பாக இருப்பவர், அவருடைய உறவினர், புகார் நிலுவையில் உள்ள கம்பெனி ஆகியோர் அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். இதே மாவட்டத்தின் பிளாச்சிமடையில் 2002 ஏப்ரல் 22 அன்று கொக்கக்கோலா ஆலை வாசலில் ஆதிவாசிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். மயிலம்மா முன்நின்ற அந்தப் போராட்டம் தொடர்ந்துகொண்டிருக்க, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. எதிர்த்து உட்கார்ந்த இடத்திலிருந்தே உதவியும் வாங்கியிருந்தால் அந்தப் பந்தல் அத்தனை நாள் நின்றிருக்காது.

6. அரசு இலவசமாகத் தருவதற்கு நன்கொடைப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்ட சேவைகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி எந்தப் பெண்ணுக்கும், அவள் வருமானம் எவ்வளவு இருந்தாலும், வக்கீல் உதவி இலவசம். மாவட்டச் சட்ட சேவைகள் ஆணையத்தில் மனு கொடுத்தால் போதும். பெண்கள் உதவி எண் 181. குடும்பஸ்ரீயின் 'ஸ்நேகிதா' மையத்தில் ஆலோசனையும் தற்காலிகத் தங்குமிடமும் உண்டு. இவை எட்டாத இடங்களுக்குத்தான் உங்கள் பணம்.

பிடி அரிசியிலிருந்து தொடங்குங்கள்

7. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவது நம் பாட்டிமார் வழக்கம். மிசோரம் பெண்கள் இதையே 1910 முதல் 'புஹ்ஃபாய் தாம்' என்ற பெயரில் செய்து தங்கள் திருச்சபைப் பணிகளைத் தாங்கி வருகிறார்கள். உங்கள் குழுவில் இருபது வீடுகள் இருந்தால் மாதக் கடைசியில் அரிசியைச் சேர்த்து அளந்து பாருங்கள். வீட்டை விட்டு வந்த பெண்ணுக்கு முதல் வாரச் சாப்பாடு அதில் ஓடும். மீதியை விற்றுக் கணக்கில் வரவு வையுங்கள்.

8. மாதம் பத்து ரூபாய் சந்தா வையுங்கள். 1974-இல் ஆமதாபாத்தில் 4,000 ஏழைத் தொழிலாளிப் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத்தான் சேவா வங்கியைத் தொடங்கினார்கள். சேவா சங்கத்தை 1972-இல் கட்டியவர் இலா பட். சந்தா கொடுக்கும் பெண் உதவி கேட்டு வரும்போது கூனிக்குறுகி நிற்க மாட்டாள். இது என் சங்கம் என்று உள்ளே வருவாள்.

9. கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போல ஒரு நன்கொடை நோட்டு வையுங்கள். மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை எதுவும் விடுபடாது. பத்து வருஷம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். உங்கள் நோட்டில் இன்னும் மூன்று கட்டங்கள் சேருங்கள்: தேதி, போன் எண், எதற்காகக் கொடுத்தார். வடக்கு மலபாரில் 'பணப்பயற்று' என்று ஒரு வழக்கம் உண்டு. நெருக்கடியில் இருப்பவர் சாயாவுக்கு அழைப்பார். வருகிறவர்கள் பணம் வைத்துவிட்டுப் போவார்கள். எல்லாம் நோட்டில் ஏறும். ஆண்டுக்கொருமுறை நீங்களும் அப்படி ஒரு சாயா விருந்து வையுங்கள்.

10. கேட்கும் நேரம் முக்கியம். சம்பளம் வந்த முதல் வாரம், ஓணம் போனஸ் கைக்கு வரும் நாட்கள், விஷு, பொங்கல், குழந்தையின் பிறந்த நாள், பெற்றோரின் நினைவு நாள் ஆகியவை கொடுக்கும் மனம் வரும் நாட்கள். ஜூன் முதல் வாரத்தில் பள்ளிச் செலவு. அப்போது யார் வீட்டுக்கும் போகாதீர்கள்.

11. வாசலில் நின்று நீளமாகப் பேசாதீர்கள். யார், எந்தச் சங்கம், போன மாதம் என்ன செய்தோம், இந்த மாதம் என்ன தேவை என்ற நான்கையும் இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். தொகையையும் நீங்களே சொல்லுங்கள்: "ஒரு பெண்ணின் ஒரு நாள் கோர்ட் செலவை நீங்க ஏத்துக்கணும்." சொன்னபின் பேச்சை நிறுத்துங்கள். அவர் யோசிக்க இடம் கொடுங்கள்.

12. ஒரு முறை "இல்லை" என்றவரை நோட்டிலிருந்து அடித்துவிடாதீர்கள். புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் பேசினார். அடிக்கல் விழுந்தது 1952-இல். அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது 1954-இல். பெண்கள் சங்கம் நிதி திரட்டி எழுப்பிய அந்த மருத்துவமனை இன்றும் நிற்கிறது.

13. எவ்வளவு சிறிய தொகையானாலும் ரசீது கொடுங்கள். வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், அடிக்கட்டையோடு. கெட்டுப்போன ரசீதைக் கிழித்துப் போடாமல் 'ரத்து' என்று எழுதிப் புத்தகத்திலேயே வையுங்கள். புத்தகம் யாரிடம் போகிறது, எந்த எண் முதல் எந்த எண் வரை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

14. வசூலான ரொக்கத்தை மறுநாளே வங்கியில் கட்டுங்கள். வசூல் பணத்திலிருந்தே நேராகச் செலவு செய்து மிச்சத்தைக் கட்டும் பழக்கம் கணக்கைக் குழப்பிவிடும். அவசரத்துக்கு என்று ஒரு தொகையை வங்கியிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். இரவு வரும் பெண்ணுக்கு ஆட்டோ அதிலிருந்து போகட்டும்.

15. ரொக்கத்துக்கு வரம்புகள் உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை கிடைக்காது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. உண்டியலில் விழும் பெயர் தெரியாத பணத்துக்கும் கணக்கு உண்டு. ஆண்டு மொத்த நன்கொடையில் 5 சதவீதம், 1 லட்சம் ரூபாய் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி.

16. கடைகளில் க்யூஆர் அட்டை வைத்தால் வாரம் ஒருமுறை நீங்களே பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்கள். மேலே வேறு அட்டை ஒட்டிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடி எங்கும் நடக்கிறது. திரையில் சங்கத்தின் பெயர் வந்தால்தான் சரி.

17. பொருளாக வரும் உதவிக்கும் பதிவேடு வேண்டும். பழைய துணி, தையல் மெஷின், அரிசி மூட்டை எதுவானாலும் எழுதுங்கள். கிழிந்த துணியை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு குப்பையில் போடுவதைவிட, "புது நைட்டியும் உள்ளாடையும் நாப்கினும்தான் இப்போ தேவை அக்கா" என்று சொல்லிவிடுங்கள். உடுத்திய துணியோடு வந்தவளுக்கு வேண்டியது அதுதான்.

கம்பெனி வாசலில்

18. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்பனை 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஒன்றையாவது எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் சி.எஸ்.ஆர். என்கிறார்கள். ஆண் – பெண் சமத்துவமும் பெண்களுக்கான விடுதிகளும் ஏழாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கே முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. கஞ்சிக்கோட்டுக் குழுவுக்கு இது நல்ல வாய்ப்பு.

19. சி.எஸ்.ஆர். பணம் வாங்கும் அமைப்பு 12ஏ, 80ஜி இரண்டும் வைத்திருக்க வேண்டும், சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். புதுக் குழுவாக இருந்தால் முதல் சில ஆண்டுகள் பழைய அமைப்பு ஒன்றோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். கம்பெனியின் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் திட்டத்துக்கு இந்தப் பணம் செல்லாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோருக்குமான திட்டமாக எழுதுங்கள். ஒரே தாளில்: என்ன பிரச்சினை, என்ன செய்வோம், எத்தனை பேருக்கு, எவ்வளவு, எப்போது முடியும்.

20. உங்கள் அறிவுக்கும் விலை உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு வேண்டும். அதில் பெண்கள் பணியில் அனுபவமுள்ள வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். ஊழியர்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்துவதும் முதலாளியின் கடமை. வகுப்புக்குக் கட்டணம் கேளுங்கள், தயங்காதீர்கள். வெளி உறுப்பினருக்குக் குழு கூடும் நாளுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும் என்று விதியே இருக்கிறது. ஆனால் எந்தக் கம்பெனியின் புகார்க் குழுவில் உட்காருகிறீர்களோ அந்தக் கம்பெனியிடம் நன்கொடை வாங்காதீர்கள். புகார் கொடுக்க வரும் பெண் உங்களை நம்ப வேண்டும்.

கடல் கடந்து வரும் பணம்

21. துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அனுப்பும் பணத்துக்கு ஒரே ஒரு கேள்வி: கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட்? இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் உங்கள் சொந்த அண்ணனாகவே இருந்தாலும், சங்கத்துக்கு அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

22. வெளிநாட்டு நன்கொடைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். அதற்கு மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்றாண்டில் பணிக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்னோர் அமைப்புக்கு அந்தப் பணத்தை மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஒரு ரூபாய் வராத ஆண்டிலும் டிசம்பர் 31-க்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு ஐந்தாண்டுதான் செல்லும். பதிவு இல்லாத குழுவின் கணக்கில் தெரியாத வெளிநாட்டுப் பணம் விழுந்தால் தொடாமல் உடனே வங்கிக்கு எழுதிக் கொடுத்து ஆடிட்டரைப் பாருங்கள்.

கொடுத்தவரைக் காப்பது

23. நன்றி இரண்டு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். நூறு ரூபாய் கொடுத்தவருக்கு வாட்ஸ்அப் குரல் செய்தி; ஆயிரத்துக்கு மேல் கொடுத்தவருக்குப் பெயர் எழுதிய கடிதம். தமிழர்க்குத் தமிழில், மலையாளிக்கு மலையாளத்தில். 80ஜி சான்றிதழுக்கு மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறையில் ஏற்ற வேண்டும் என்பது இதுவரையுள்ள வழக்கம். கொடுத்தவர்கள் வந்து சான்றிதழ் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

24. பெண்கள் உரிமைப் பணியில் காட்டுவதற்குக் கட்டடம் இருக்காது. அதனால் நடந்ததைக் கண்ணுக்குத் தெரியும்படி சொல்லப் பழகுங்கள். கோழிக்கோட்டில் விஜியின் 'பெண்கூட்டு' அமைப்பு துணிக்கடையில் வேலை செய்யும் பெண்களுக்காகக் கேட்டது கழிப்பறையும் உட்கார ஓர் இருக்கையும். 2018-இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் அந்த வழியில் வந்தது. ஒரு நாற்காலியைச் சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. நீங்களும் அப்படியே எழுதுங்கள்: "இந்த ஆறு மாதத்தில் இத்தனை பெண்களோடு ஸ்டேஷனுக்குப் போனோம், இத்தனை பேருக்கு ஜீவனாம்ச உத்தரவு கிடைத்தது, இந்தத் தெருவில் விளக்கு வந்தது."

25. கெட்ட செய்தியையும் நீங்களே முதலில் சொல்லுங்கள். வழக்கு தோற்றது, திட்டம் பாதியில் நின்றது, பெண் திரும்பக் கணவன் வீட்டுக்கே போய்விட்டாள் என்பவை எல்லாம் இந்த வேலையில் நடப்பவை. நன்கொடையாளர் வேறொருவர் வாயிலாகக் கேள்விப்பட்டால் அடுத்த ஆண்டு வாசல் மூடும். உங்களிடமிருந்தே கேட்டால் பெரும்பாலோர் கூடவே நிற்பார்கள்.

26. அஞ்சறைப் பெட்டியில் மஞ்சளும் கடுகும் தனித்தனிக் கிண்ணத்தில் இருப்பதுபோல, எதற்கென்று வந்த பணமோ அதற்கென்று தனிக் கணக்கு. தையல் பயிற்சிக்கு வந்த பணத்தை வழக்குச் செலவுக்கு எடுக்காதீர்கள். தவிர்க்கவே முடியாத நிலை வந்தால் கொடுத்தவரிடம் முதலில் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு எடுங்கள்.

27. நாளைய தயிருக்கு உறைமோர் எடுத்து வைப்போமே, அதுபோல ஒவ்வொரு வரவிலும் பொதுவாக வந்த தொகையில் பத்தில் ஒரு பங்கை நிலை நிதியாக ஒதுக்குங்கள். வழக்கு நம் கையில் இருக்கும் காசைப் பார்த்து முடிவதில்லை. கஞ்சிக்கோட்டை அடுத்த வாளையாரில் இரண்டு சிறுமிகள் இறந்தது 2017-இல். பாலக்காடு போக்சோ நீதிமன்றம் 2019-இல் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2021 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. நான்காண்டு கழித்து வழக்கு தொடங்கிய இடத்துக்கே வந்தது. அத்தனை ஆண்டும் பக்கத்தில் நிற்க உறைமோர் வேண்டும்.

பெண்ணைக் காப்பது

28. உதவி பெற்ற பெண்ணின் பெயர், படம், ஊர், குழந்தை படிக்கும் பள்ளி எதுவும் நோட்டீஸிலும் அறிக்கையிலும் வரக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவுப்படி இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குழந்தையானால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேரும். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். சின்ன ஊரில் சேலையை வைத்தே, வீட்டுக் கதவின் நிறத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். வழக்குக் கோப்பும் நன்கொடை நோட்டும் வேறு வேறு அலமாரியில், வேறு வேறு ஆள் பொறுப்பில் இருக்கட்டும்.

29. பணம் கொடுத்தவர், "அந்தப் பொண்ணை ஒரு தடவை பார்க்கணுமே" என்று கேட்பார். நல்ல மனதோடுதான் கேட்பார். "நீங்க கொடுத்த காசு அவளுக்குப் போய்ச் சேர்ந்ததுக்கு இதோ கணக்கு இருக்கு சார். அவளை மட்டும் காட்டச் சொல்லாதீங்க. உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா நீங்களும் வேண்டாம்னுதான் சொல்லுவீங்க" என்று பணிவாகச் சொல்லுங்கள். இதற்கு அடுத்தபடியாக இன்னொரு பேச்சும் வரும்: "பேசித் தீர்த்துடலாமே, எதுக்குக் கேசு?" வழக்கை நடத்துவதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. வாபஸ் வாங்கினால்தான் பணம் என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தைத் தீர்மானம் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். எந்த ஒரு கொடையாளரின் பங்கும் ஆண்டு வரவில் மூன்றில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால்தான் அப்படித் திருப்பிக் கொடுக்கத் தைரியம் வரும். நேபாளத்தில் 1996-இல் ரீதா தாபா தொடங்கிய 'டேவா' பெண்கள் நிதி, வெளிநாட்டு உதவியை மட்டும் நம்பாமல் சாதாரண நேபாளிகளிடமே கையேந்தி நின்றதும் இதற்காகத்தான்.

30. பெரிய கொடையாளருக்கு அறிக்கை அனுப்புவதற்கு முன், பத்து ரூபாய் சந்தா கட்டும் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லுங்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள் 'பெண்பிளை ஒருமை' என்று திரண்டு ஒன்பது நாள் தெருவில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் வாங்கித்தான் எழுந்தார்கள். அவர்களுடைய கோபம் கம்பெனியின் மேல் மட்டும் அல்ல. தங்கள் சந்தாவை வாங்கிக்கொண்டு தங்களை மறந்த தொழிற்சங்கத் தலைவர்கள் மேலும்தான். அந்தத் தலைவர்களைப் போராட்டத்தின் பக்கமே அவர்கள் விடவில்லை. ஆண்டுக்கு ஒருநாள் எல்லோரையும் உட்கார வைத்து, தமிழிலும் மலையாளத்திலும் வரவு செலவை உரக்கப் படியுங்கள். எழுத்துத் தெரியாதவர் கேள்வி கேட்கட்டும். கேள்வி முடியும்வரை யாரும் எழுந்து போக வேண்டாம்.

முப்பதையும் நாளைக்கே செய்ய முடியாது. இரண்டை மட்டும் இன்றே செய்யுங்கள். வரும் வழியில் ஒரு நீள நோட்டு வாங்கி, முதல் வரியில் உங்கள் பெயரையும் நீங்கள் போடும் பத்து ரூபாயையும் எழுதுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி இரண்டாவது வரியை நிரப்புங்கள். இரவு ஒன்பது மணிக்கு வாசலில் வந்து நிற்கப்போகிற பெண்ணுக்கு ஆட்டோ அந்த இரண்டு வரியிலிருந்துதான் கிளம்ப வேண்டும்.